குமாஸ்தா வேலைக்குச் சூரியன் வைத்த நேர்காணல்

அந்த வருஷம் கள்ளக்குறிச்சியில் சூரியன் சொந்தமாக உதிக்கவில்லை. சாமி சூரியப்பிரகாசானந்தா கூப்பிட்ட பிறகுதான் உதித்தது. சுவரொட்டியில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

1990. பேருந்து நிலையச் சுவரில் ஒரு பாதி மண்டல் குழுவுக்கு, மறு பாதி சாமிக்கு. மண்டல் பக்கம் நின்று படித்தவர்கள் சண்டை போட்டார்கள். சாமி பக்கம் நின்று படித்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ‘கல்வராயன் மலைக் குகையில் பன்னிரண்டு ஆண்டுகள் சூரியனை நோக்கித் தவம் இருந்த மகான்!’ குகைக்குள் உட்கார்ந்துகொண்டு சூரியனை எப்படி நோக்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம். கேட்காவிட்டால் பொங்கல் உண்டு.

தியாகதுருகத்திலிருந்து முதல் பேருந்து, மணலூர்பேட்டையிலிருந்து டிராக்டர், உளுந்தூர்பேட்டையிலிருந்து காலி லாரி என்று ஜனம் வந்து குவிந்தது. இடம், பிச்சைமுத்து தாளாளராக இருந்த தனியார் பள்ளியின் மைதானம். மேடையில் சாமி கிழக்கைப் பார்த்து நிற்பார். ஜனம் சாமியைப் பார்த்து நிற்கும். ஆக, தினமும் காலையில் ஆயிரம் பேர் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூரிய நமஸ்காரம் செய்தார்கள். சூரியன் பொறுமைசாலி.

குனிவது, நிமிர்வது, கவிழ்ந்து படுப்பது, மறுபடி எழுவது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்தால் உடம்புக்கு நல்லது, பசியெடுக்கும். ஆனால் பசியெடுக்க வைப்பதற்கு நம் ஊரில் மகான் தேவையில்லை. எனவே சாமி ஓர் அற்புதமும் கைவசம் வைத்திருந்தார். அவர் முன்னால் ஒரு செப்புக் குண்டம். அதில் வறட்டி, தேங்காய் நார், கற்பூரம், திருநீறு. எல்லாம் அவரே தன் கையால் அடுக்குவார், வேறு யாரும் தொடக்கூடாது. பத்தாவது நமஸ்காரத்தில் ஒரு கரண்டி நெய் விடுவார். பன்னிரண்டாவதில் குண்டம் தானாகப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி இல்லை, தீப்பெட்டி இல்லை.

“பாத்தியா, பகவானே எறங்கி வந்து பத்த வெச்சிட்டாரு!” என்று ஜனம் அலறும். ஒன்பது கோடி மைல் தாண்டி வருகிற பகவானுக்கு நடுவில் ஒரு கரண்டி நெய் எதற்கு? அதையும் கேட்கவில்லை. பொங்கல் சூடாக இருந்தது.

பிச்சைமுத்துவின் பெயரில்தான் பிச்சை. கையில் கரும்புத் தோட்டம் நாற்பது ஏக்கர், கூடவே இந்தப் பள்ளி. தலைமையாசிரியர் அவர் அண்ணன். கணக்கர் மைத்துனர். விடுதிக் காப்பாளர் சகலை. அப்பேர்ப்பட்டவர்தான் மேடையேறி, “ஒதுக்கீடு ஒதுக்கீடுன்னு கத்துறானுங்களே, அப்புறம் தகுதி இன்னாத்துக்கு? தெறமை இன்னாத்துக்கு?” என்று முழங்கினார். நூற்றுக்கு நூறு ஒதுக்கீட்டை வீட்டுக்குள்ளேயே நடத்துகிறவருக்கு ஐம்பது என்றால் சின்னதாகத்தானே தெரியும்!

அந்தப் பள்ளியில் ஒரு குமாஸ்தா இடம் காலியானது. மனுப்போட்டவர்களில் முதலில் நின்றவள் கோகிலவாணி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க், தட்டச்சில் இரண்டு நிலையும் தேர்ச்சி. அவள் அம்மா கொளஞ்சியம்மாள் பிச்சைமுத்துவின் கழனியில் நடவுக்கும், கரும்புத் தோட்டத்தில் காய்ந்த இலையான சோகை உரிக்கவும் போகிறவள். இந்த வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் மகளும் அதே தோட்டத்துக்குத்தான் போகவேண்டும். பட்டியலில் கடைசி ஆள் தங்கமணி. தட்டச்சில் மூன்று முறை தோற்றவன். ஒரே தகுதி, பிச்சைமுத்துவின் அக்கா மகன்.

மார்க் பட்டியல் ஊருக்கே தெரிந்துவிட்டது. என்ன செய்வது? சாமி வழி காட்டினார்.

“மார்க் என்பது மனிதன் போடுவது. தகுதி என்பது சூரியன் அறிவது. இருவரும் நமஸ்காரம் செய்யட்டும். யாருக்கு அக்கினி இறங்குகிறதோ, அவரே தகுதியுடையவர்!”

வெள்ளிக்கிழமை காலையில் நேர்காணல். கோகிலவாணி பன்னிரண்டு நமஸ்காரமும் பிசகாமல் செய்தாள். விடுமுறை தோறும் நாற்று நட்டவளுக்குக் குனிந்து நிமிர யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமி பித்தளைச் சொம்பிலிருந்து நெய் விட்டார். குண்டம் கல்லாகக் கிடந்தது.

அடுத்து தங்கமணி, புதுக் குண்டத்துடன். ஏழாவதில் கவிழ்ந்து படுத்தவன் எழவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மீதி ஐந்தைச் சாமி ‘மானசீகமாக’ ஏற்றுக்கொண்டார். மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்டியிலிருந்து நெய் விட்டார். குபீரென்று பற்றியது.

“நமக்கெல்லாம் பத்துமா? தலையெழுத்து,” என்று கூட்டத்தில் கூலிக்காரர்களே சொல்லிக்கொண்டார்கள். பிச்சைமுத்துவுக்கு அதைவிட இனிப்பான பேச்சு உண்டா? ஞாயிற்றுக்கிழமை, சூரியனுக்குரிய நாளில், தங்கமணிக்கு மேடையிலேயே ஆர்டர் என்று அறிவித்தார்.

இந்த இடத்தில்தான் சாமி ஒரு தப்பு செய்தார். குண்டத்தை அடுக்கப் பிறர் கை படக்கூடாது. சரி. கரி பிடித்த குண்டத்தைக் கழுவுவது? அது மகான்கள் செய்கிற வேலையில்லையே! “ஏய், கொளஞ்சி, இதக் கழுவி வை,” என்றார் பிச்சைமுத்து.

கொளஞ்சியம்மாள் முதலில் எடுத்தது மகளுக்குப் பற்றாத குண்டத்தை. தண்ணீர் ஊற்றினாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மறுபடி பார்த்தாள். நேரே தன் தெருவில் இருந்த கண்ணாயிரத்தின் வீட்டுக்குப் போனாள். கண்ணாயிரம் சுகாதாரத் துறை ஊழியர். மலைக் கிராமங்கள் வரை நடந்து போய்க் கிணறுகளுக்கு மருந்து போடுகிறவர்.

“தம்பி, போன கோடையில நம்ம தெருக் கெணத்துல இன்னா மருந்து போட்ட?”

“பர்மாங்கனேட்டுக்கா. ஏன்?”

“தண்ணி கத்திரிக்கா கலரா மாறுச்சே, அதானே?”

“அதான். வாந்திபேதி வந்தாக்கா போடுவோம்.”

“சாமி சட்டியக் கழுவுனேன். அதே கலரு ஓடுது. ஏன் தம்பி, சூரியனுக்கு வாந்திபேதியா?”

கண்ணாயிரம் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“அக்கா, அந்தப் பொடி மேல கிளிசரின் ஊத்துனா கொஞ்ச நேரத்துல தானா பத்திக்கும். ரெண்டையும் ஒரே பொட்டியில வெக்காதீங்கடான்னு டிரெய்னிங்ல டாக்டரு திட்டிக்கினே இருப்பாரு. பாக்கறதுக்கு அது நெய்யி மாதிரி கொழகொழன்னு இருக்கும்.”

அம்மாவோடு வந்து உட்கார்ந்திருந்த கோகிலவாணி எழுந்து நின்றாள். “மாமா, எனக்குச் சொம்புலர்ந்து ஊத்துனாரு. தங்கமணிக்கு கிண்டிலர்ந்து.”

“அவ்ளோதான் பாப்பா மேட்டரு. பொடியத் திருநீத்துல கலந்து வெச்சிருப்பாரு.”

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கிடந்தது. சூரியனே வரவில்லை. ஆனால் சாமி வந்தார், ஆர்டரோடு பிச்சைமுத்து வந்தார், மாலையோடு தங்கமணி வந்தான். குண்டம் அடுக்கியாயிற்று. கண்ணாயிரம் கைகட்டி முன்னால் வந்தார்.

“சாமி, ஒரு சந்தேகங்க. சூரியன் எல்லாருக்கும் பொதுங்களா?”

“சகல ஜீவராசிகளுக்கும் பொது, மகனே!”

“எருமைக்கும்ங்களா?”

கூட்டம் சிரித்தது. சாமி சிரிக்கவில்லை. ஆயிரம் பேர் முன்னால் சொன்ன சொல் அந்தரத்தில் தொங்கியது. “எருமைக்கும்தான்,” என்றார்.

“அக்கா, ஓட்டியா!”

கொளஞ்சியம்மாள் தன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஜனம் வழிவிட்டது. எருமை குண்டத்தின் முன்னால் நின்று அசைபோட்டது.

“இன்னாடி அநியாயம் இது? மாட்டப் போயி...” என்று பிச்சைமுத்து எகிறினார்.

“மொதலாளி, சாமியே ஒத்துக்கினாருங்க. நீங்க ஏன் குறுக்க வர்றீங்க?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

சாமி அவசரமாகப் பித்தளைச் சொம்பை எடுத்தார். கோகிலவாணி மேடையேறிக் குறுக்கே நின்றாள்.

“அது வேணாம் சாமி. கிண்டி.”

“அது கூடாது பெண்ணே!”

“ஏன் கூடாது? தங்கமணிக்கு அதத்தான ஊத்துனீங்க?”

“ஆமா, நானும் பாத்தேன்! கிண்டிதான்!” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “ஊத்தட்டும்பா, பாக்கலாம்!” என்றது இன்னொன்று.

அவள் கிண்டியை எடுத்துக் கவிழ்த்தாள். ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு தூரம் நடந்துவந்த அலுப்பில் எருமை முன்னங்கால்களை மடக்கியது, தலையைத் தாழ்த்தியது, பின்னங்கால்களையும் மடக்கித் தரையில் படுத்தது. தங்கமணியைவிட எத்தனையோ மடங்கு சுத்தமான நமஸ்காரம். குண்டத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. குபீர்!

சாமிதான் முதலில் சுதாரித்தார். “ஆகா! இந்த எருமை பூர்வஜென்மத்தில் ரிஷி!”

வெட்கக்கேடு என்னவென்றால், முன்வரிசையில் நாலைந்து பேர் எருமையைக் கும்பிட்டே விட்டார்கள்.

“ரிஷியோ இன்னாவோ. சூரியனே தகுதின்னு சொல்லிட்டாரு,” என்றாள் கோகிலவாணி. “மொதலாளி, ஆர்டர எருமை பேருக்கு எழுதுங்க. டைப் அடிக்கத் தெரியாது. ஆனா தங்கமணிக்கும்தான் தெரியாது.”

மைதானம் அதிர்ந்தது. கண்ணாயிரம் இன்னொரு குண்டத்தில் அதே நாரையும் வறட்டியையும் அடுக்கி, கூடவே தன் மருந்துப் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டி, கிண்டியில் மிச்சமிருந்ததை விட்டார். பற்றியது. பிறகு சாமியின் திருநீற்றுத் தட்டை எடுத்து ஒரு பக்கெட் தண்ணீரில் கவிழ்த்தார். தண்ணீர் கத்திரிப்பூ நிறமானது.

“அடப்பாவி, இது கெணத்து மருந்துடா!” என்று முதலில் கத்தியது ஒரு பெண். அந்தக் கோடையில் வாந்திபேதி பார்த்த தெருக்காரி. அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். சாமியைத் தேடினார்கள். பன்னிரண்டு வருஷம் குகையில் அசையாமல் இருந்தவர் மைதானத்தின் பின்சுவரை ஒரே தாவலில் தாண்டியிருந்தார். யோகாசனத்தின் பலன் அன்றைக்குத்தான் நிரூபணமானது.

“எனக்கு ஒண்ணுந் தெரியாதுப்பா, நானும் ஏமாந்துட்டேன்,” என்றார் பிச்சைமுத்து. ஜனம் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்துகொண்டது. மறியல் செய்ய அந்த வருஷங்களில் நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் மார்க் பட்டியல் வாசிக்கப்பட்டது. கோகிலவாணி பெயருக்கு ஆர்டர் தட்டச்சானது. அடித்தவள் அவளே. அந்த ஆபீசில் வேறு யாருக்கும் டைப்ரைட்டரில் காகிதம் நுழைக்கக்கூடத் தெரியவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நாட்டுக்கு நல்லது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கொளஞ்சியம்மாள் கதவைத் திறந்தால், வாசலில் ஏழெட்டுப் பேர். கையில் மாலை, தேங்காய், கற்பூரம்.

“இன்னாங்க வேணும்?”

“எரும ரிஷிய ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு...”

அவள் சாணிக் கூடையை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

“இத வேணும்னா அள்ளிக்கினு போங்க, வெள்ளாமைக்காவது ஆவும். மாட்டுகிட்ட வரங்கேக்கற மனுசனுக்கு மாடு இன்னாத்தக் குடுக்கும்? அதுக்கு இருக்கற அறிவுல பாதியக் குடுத்தாலே ஜாஸ்தி.”