வெளிச்சம் விழுந்த குழந்தை

படமெடுக்கும் அப்பா என்றொரு இனம் உண்டு. பாம்பு படமெடுத்தால் ஓடித் தப்பலாம். இந்த அப்பா எடுக்க ஆரம்பித்தால் பெற்றவளும் ஓட முடியாது, பிறந்ததும் ஓட முடியாது. இருவரும் படுத்தல்லவா கிடக்கிறார்கள்?

இவரை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். பிரசவ வார்டு வராந்தாவில் மற்ற அப்பாக்கள் எல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்க, இவர் ஒருவர் மட்டும் ட்யூப் லைட்டை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருப்பார்.

நம் கதாநாயகரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கென்று மனைவி ஒரு பை கட்டினாள். நைட்டி, துண்டு, சோப்பு, குழந்தைக்குப் பருத்தித் துணி, அவ்வளவுதான். இவர் கட்டியது இரண்டு பை. ஸ்டாண்ட், வட்ட விளக்கு, விரிக்க வெள்ளைத் துணி, வெள்ளை எடுபடாவிட்டால் இளமஞ்சள் துணி, முயல் காது வைத்த குல்லா, கரடிக் காது வைத்த குல்லா, குழந்தையைக் கிடத்த ஒரு பிரம்புக் கூடை, "நான் வந்துட்டேன்" என்று எழுதிய சின்னப் பலகை. இத்தனையும் இருந்து ஒத்திகை இல்லாமலா? ஒரு அரிசிப் பொட்டலத்துக்கு முயல் குல்லா மாட்டி, கூடையில் கிடத்தி, ஜன்னலோரம் வைத்து, தரையில் படுத்தும் நாற்காலியில் ஏறியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் எடுத்துத் தள்ளினார். அரிசி நன்றாக ஒத்துழைத்தது. மறுநாள் அதையே வடித்துச் சாப்பிட்டார்கள். அவருக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

வலி கண்டு வண்டியில் போகும்போது மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முகத்தைக் கொஞ்சம் இயல்பா வெச்சுக்கோயேன்மா. பின்னாடி பாப்பா பார்க்கும்ல?"

அதற்கு அவள் பார்த்த பார்வை படத்தில் தெளிவாகவே விழுந்திருக்கிறது.

கடைசியில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயின் கன்னத்தோடு ஒரு நொடி ஒட்டிக் காட்டிவிட்டு, மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, நாளைவரை எங்கள் கண்ணெதிரே இருக்கட்டும் என்று கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தையல் போட்ட வயிற்றோடு அவளால் புரண்டுகூடப் படுக்க முடியவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் சரியாவே பார்க்கலைங்க. நீங்க போய் நல்லா பார்த்துட்டு வந்து, எப்படி இருக்கான்னு சொல்லுங்க."

போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தொட்டில்கள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரித் துணியில் சுற்றிய சிறு மூட்டைகள். நர்ஸ் கதவைத் திறந்து, "மூலையில இருக்கிறதுதான் சார் உங்க பாப்பா. ஃபோனை வெளிய வெச்சிட்டு, கையைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர், கண்ணாடியில நிழல் அடிக்குது."

நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கதவைச் சாத்தினாள். மூலையோ ஒரே இருட்டு. ஜன்னலோரத் தொட்டிலிலோ வெயில் வந்து விழுந்து, அதிலிருந்த கன்னம் தகதகவென்று மின்னியது. எந்தத் தொட்டில் என்று நர்ஸ் சொன்னது காதில் விழாமலா இருக்கும்? விழுந்தது, ஆனால் மண்டைக்குள் ஏறவில்லை. வெளிச்சம் எங்கேயோ பிள்ளை அங்கே என்று விரல் முடிவு கட்டிவிட்டது. நின்று எடுத்தார், குந்தி எடுத்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்து எடுத்தார். அதில் பொறுக்கி, மெருகேற்றி, குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

குரூப் கிடுகிடுத்தது. "அப்படியே பெரியப்பா மூக்கு!" என்றார் பெரியப்பா. நெற்றி எங்கள் வீட்டு நெற்றி என்றார் அத்தை. நெற்றியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், தாடையை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்று பெண் வீட்டார் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

வெற்றி வீரராக மனைவியிடம் வந்து ஃபோனை நீட்டினார். அவள் ஒரு படத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது நம்ம பொண்ணு இல்லைங்க."

பக்கத்திலிருந்த மாமியார் பதறிப்போய், "மயக்க மருந்து இன்னும் தெளியல மாப்ளே" என்றார்.

"எல்லாம் தெளிஞ்சாச்சும்மா. என் கன்னத்துல வெச்சப்பவே பார்த்தேன். அவளுக்கு வலது காது மேல மடிஞ்சிருந்துச்சு."

"அது ஃபில்டர் போட்டேன்ல, நேராயிருக்கும்" என்றார் நம்மவர், கொஞ்சமும் கூசாமல்.

"கையில கட்டின பட்டையில வேற அம்மா பேர் இருக்கே, அதுவும் ஃபில்டரா?"

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கண்தான் நிறைந்தது. "ஒரே ஒரு நொடி பார்த்தவ நான். எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையே" என்று சொல்லிவிட்டு, ஃபோனைத் தலையணைக்கு அடியில் சொருகினாள். "வெறுங்கையோட போங்க. பார்த்துட்டு வாங்க."

ஃபோன் இல்லாமல் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடி முன்னால் போய்த் திருதிருவென்று நின்றார். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கையில ஒண்ணும் இல்லையா? அப்பாடா! வாங்க சார், இதுக்குத்தானே அப்பவே கூப்பிட்டேன்."

கையைக் கழுவவைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அந்த மனுஷருக்கு ஒன்று விளங்கியது. இத்தனை மாதம் கூடை தேடியவருக்குப் பிள்ளையைத் தூக்க உள்ளூர ஒரே பயம்.

திரும்பி வந்து மனைவியின் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றாள்.

"காது மடிஞ்சுதான்மா இருக்கு. ஒரு கண்ணைத்தான் திறக்கிறா, இன்னொண்ணைத் திறக்கச் சோம்பல். கொட்டாவி விட்டா உன்னை மாதிரியே மூக்கு சுருங்குது. என் விரலைப் பிடிச்சவ விடவே மாட்டேன்னுட்டா. நர்ஸ்தான் பிரிச்சு விட்டாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனதைத் துடைக்கவில்லை. "இன்னும் சொல்லுங்க" என்றாள். சொன்னார். மாமியார் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் சொன்னார்.

குரூப்பில் பெரியப்பாவின் மூக்கு இன்னும் கொண்டாடப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது ஊரான் வீட்டு மூக்கு என்று அவரிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு மச்சம் எந்தத் தோளில் இருக்கிறது?

அட, கை ஏன் ஃபோன் பக்கம் போகிறது?