பவளம் பஸ் ஏறினாள்

"விளையாடுறவன் உங்கட கதாநாயகிய வேணாம் எண்டு சொன்னா என்ன செய்வீங்க?"

வேலைக்குச் சேர வந்த அன்று, எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நபீல் சிந்துஜாவிடம் கேட்ட ஒரே கேள்வி அது. "அது அவன் இஷ்டம் நானா" என்று பெருந்தன்மையாகச் சொல்லி அவள் வேலையை வாங்கிவிட்டாள். அந்த 'அவன்' தன் புருசனாக இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இப்போது திகனயில், டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில், இரண்டு பேரும் ஒரே திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கட மாப்பிள்ளை சேந்தன்," என்றார் நபீல். "மறுபடியும் கல்யாணம் முடிச்சிட்டார்."

"யாரை?"

"அவளைத்தான். புட்டுக்கடை பவளம்."

சிந்துஜா கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது பெரியவர்களுக்கான ஒரு கணினி விளையாட்டு. கண்டியைப் போலவே ஒரு ஊர். உள்ளே வருகிறவர் எங்கும் போகலாம். யாரோடும் பழகலாம், யாரையும் கட்டலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டும் போகலாம். பதினெட்டு வயதுக்கு மேல் என்று முகப்பிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. ஊரைக் கட்டியது நபீல். கதை சிந்துஜாவுடையது.

கதைப்படி நாயகன் வாவிக்கரையில் மழைக்கு ஒதுங்க வேண்டும். அங்கே நனைந்துகொண்டு நிற்கும் இளவேனிக்குக் குடையில் பாதி கொடுக்க வேண்டும். இளவேனி ஹுன்னஸ்கிரிய பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். டவுனில் வேலை செய்கிறவள். அவள் மோவாயில் ஒரு மச்சம். சிந்துஜாவின் மோவாயிலும் அதே இடத்தில் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சேந்தன் அவளுக்குப் பாதிக் குடை கொடுத்ததும் அதே வாவிக்கரையில்தான்.

பவளம் கதையிலேயே இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை வெறுமையாகக் கிடந்தது. அதற்குள் யாரையாவது நிறுத்தச் சொன்னார் நபீல். புட்டு அவிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியை நிறுத்தினாள் சிந்துஜா. அவளுக்குப் பேச்சு எழுதச் சிரமமே இல்லை. வீட்டில் மாமியார் கமலாசனி பேசுவதை அப்படியே எடுத்துப் போட்டால் போதும். "ஓம், வாறன், இருங்கோ. பசியோடை போகாதேங்கோ."

வெளியிடுவதற்கு முன் தெரிந்தவர்கள் சிலரிடம் விளையாடிப் பார்க்கக் கொடுத்தார்கள். சேந்தனின் பெயரைச் சேர்த்ததும், வீட்டுக் கணினியில் அதை ஏற்றி வைத்ததும் சிந்துஜாவேதான். யார் யார் என்ன செய்தார்கள் என்று மறுநாள் காலை இந்தத் திரையில் வந்துவிடும்.

வந்துவிட்டது.

"வாவிக்கரைக்குப் போனாரா?"

"அந்தப் பக்கமே போகல்ல. நேரா புட்டுக்கடை."

"என் கதையில இருந்து அவளைத் தூக்குங்க நானா."

"தூக்கேலாது. யாரையும் கட்டலாம் எண்டு சொல்லித்தானே விக்கப் போறோம்? நீங்க கதையால தடுங்க. சுதந்திரத்தில கை வைக்காதீங்க."

கதையால் தடுத்தாள். பவளத்துக்கும் நாயகனுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஊர்ச் சாத்திரியாரைச் சொல்ல வைத்தாள்.

மறுநாள் நபீல் தலையைச் சொறிந்தார். "உங்கட மாப்பிள்ளை கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வேற சாத்திரியாரைப் பார்த்திருக்கார். பொருந்துதாம்."

"அவருக்கு ஜாதகத்தில நம்பிக்கையே கிடையாது நானா! எங்க கல்யாணத்துக்குப் பார்க்கக்கூட இல்ல!"

"இப்ப நம்பிக்கை வந்திரிக்கும்."

சிந்துஜா மனசுக்குள் கறுவினாள். எனக்குப் பார்க்காத பொருத்தம் அவளுக்கு மட்டும் என்ன?

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இளவேனியின் அப்பாவும் கதையில் அதே ஊர்ச் சாத்திரியாரைத்தான் நம்பியிருந்தார். சாத்திரியார் பொய் சொல்கிறவர் என்று ஊரே பேசத் தொடங்கியதால், 'மகள் வாவிக்கரையில் காத்திருந்தால் மாப்பிள்ளை வருவான்' என்று அப்பாவுக்கு அவர் சொன்ன வாக்கும் பாதியில் நின்றுபோனது. இளவேனி வந்து நின்றாள்; திரும்பிப் போக அவளுக்கு வழி எழுதப்படவில்லை. மழையும் விடவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் சிந்துஜா புருசனைச் சோதித்தாள்.

"புட்டு எப்படி?"

"ம்."

"வேற யாராவது அவிச்சா இன்னும் நல்லா இருக்குமோ?"

சேந்தன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆர் அவிச்சாலும் புட்டு புட்டுத்தானே."

'ஆர் அவிச்சாலும்'! சிந்துஜா தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். மாமி மட்டும் வழக்கத்துக்கு மாறாக முகம் மலர்ந்து, கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டார். கொஞ்ச நாளாகவே மாமி இப்படித்தான். மகன் வேலைக்குப் போனதும் கணினியில் நாடகம் பார்க்க உட்கார்ந்துவிடுவார். வாயில் குறையே வருவதில்லை. வீட்டில் இருக்கிற ஒரே நல்ல மனுசி என்று சிந்துஜா அவருக்கு இன்னொரு கரண்டி சம்பல் வைத்தாள்.

அடுத்து, இளவேனியைக் குடைக்குக் காத்திராமல் வாவிக்கரையை விட்டு வரச் செய்தாள். அவளே சமைத்து, நாயகன் வீட்டு வாசலுக்குச் சாப்பாடு கொண்டு போகட்டும்.

"கொண்டு போனா," என்றார் நபீல். "சாப்பிட்டும் பார்த்தார். மூண்டு பதில் குடுத்திருந்தீங்க. 'அருமை', 'நன்றி', 'கொஞ்சம் உறைப்பு'."

"எதைச் சொன்னார்?"

"மூண்டையும் விட்டுட்டுக் கோப்பையைத் திருப்பிக் குடுத்துட்டார். அவ மறுபடி வாவிக்கரை மழைக்கே போய் நிண்டுட்டா."

சிந்துஜாவின் கண் கலங்கியது. வீட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வாய் திறக்காத மனிதர். மனசுக்குள் இவ்வளவையும் வைத்துக்கொண்டா சாப்பிட்டார்!

"இன்னொரு விசயமும் இரிக்கு," நபீல் தயங்கினார். "சொல்லக் கூச்சமா இரிக்கு. கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரிக் காட்சி வரும்தானே? அதுக்குத்தானே சிவப்பு எழுத்தே போட்டோம்? மத்த ஆக்கள் எல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாங்க. உங்கட மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிட்டு, நேரா விடியக்காலை புட்டு அவிக்கிற இடத்துக்குப் போயிடுறார்."

"பார்த்தீங்களா நானா! நம்ம கண்ணுல படக்கூடாதாம்! அவள் மேல அவ்வளவு மரியாதை!"

பவளத்துக்குக் கட்டாரில் வேலை செய்யும் ஒரு புருசனைக் கொடுத்தாள். மறுநாளே நாயகன், அவன் வேண்டாதவன் என்று கிராம சேவகரிடம் முறையிட்டு அவர்களைப் பிரித்து வைத்துவிட்டான். பவளத்தைச் சிடுமூஞ்சி ஆக்கினாள். "வீட்டுக்கு இப்பிடி ஒரு கண்டிப்பான ஆள்தான் வேணும்" என்ற பதிலைத் தெரிந்தெடுத்து, நாயகன் மறுபடி கல்யாணம். இதற்குள் கட்டார்க்காரன் விடுமுறையில் திரும்பி வந்து, போக இடமில்லாமல், இரண்டாம் புருசனோடு அதே வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். சாத்திரியார் தெருவில் கல்லெறி வாங்கினார்.

விளையாடிய மற்றவர்களிடமிருந்தும் முறைப்பாடு வந்தது. எல்லாரும் கேட்டது ஒன்றையே. அந்த மச்சக்காரப் பிள்ளை ஏன் மழைக்குள்ளேயே நிற்கிறாள்?

நபீல் கையைக் கூப்பினார். "தங்கச்சி, கதை கந்தலாப் போச்சு. ஒரு ஆளை மறிக்கப் போய் ஊரையே கெடுத்துட்டீங்க."

"கடைசியா ஒண்ணு மட்டும் செஞ்சு குடுங்க நானா. பவளம் கடையைப் பூட்டிட்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறட்டும்."

"அவரும் கூடவே ஏறினா?"

"நம்ம ஊர் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தோட முடியுதே. அதுக்கு அங்கால ஒண்ணும் இல்ல."

நபீல் மாற்றத்தை எழுதத் தொடங்கினார். "போகக்குள்ள ஏதாவது சொல்லிட்டுப் போகட்டுமே. ரெண்டு வரி எழுதுங்க. பாவம், கட்டின பொண்டாட்டி."

"ஒரு வார்த்தையும் வேணாம். பேசாமப் போகட்டும். அப்பத்தான் அவருக்கு உறைக்கும்."

மறுநாள் காலை அந்த மாற்றம் விளையாடுகிறவர்களின் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சிந்துஜா பின்னேரம் குண்டசாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் முகம் வாடியிருந்தால் அதுவே சாட்சி. கேட்பாள். ஒப்புக்கொண்டால் அம்மா வீட்டுக்கு ஹுன்னஸ்கிரிய பஸ். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அதே பஸ்.

சேந்தன் குசினியில் விசிலடித்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"பவளம் போயிட்டா," என்றாள்.

"எந்தப் பவளம்?"

"நடிக்காதீங்க. நீங்க அஞ்சு தரம் கட்டினவ."

"என்ன கதைக்கிறீர் நீர்? எனக்கு உம்மை ஒருக்காக் கட்டினதே போதும்."

"விளையாட்டுல, நான் ஏத்தித் தந்தேனே!"

"அதுவா?" சேந்தன் கண்ணைத் துடைத்தான், வெங்காயம். "குறை நினையாதையும் சிந்து. நான் அதை இன்னும் திறக்கவே இல்லை. உமக்குக் கவலையாப் போகும் எண்டு சொல்லேல்லை."

"பொய்! நனைஞ்சுகிட்டு நிக்கிறாளே ஒருத்தி, அவளை எட்டிக்கூடப் பார்க்கல நீங்க! அவ யாருன்னு தெரியுமா? அது நான்!"

சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு றமீலா, மூடிய கோப்பையோடு முன்வாசலில் வந்து நின்றாள். அப்போதுதான் இருவரும் முன்னறையைப் பார்த்தார்கள். மாமி அங்கே விளக்குப் போடாமல், கணினியை மடியில் மூடி வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். அழுத முகம்.

"மாமிக்குக் கொஞ்சம் கஞ்சி கொண்டு வந்தேன் சிந்துஜா," என்றாள் றமீலா. "காலையில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல, பாவம். மகனுக்கெண்டு அந்தக் கம்பியூட்டர்ல பார்த்துப் பார்த்துக் கட்டி வச்ச மருமகள், ஒரு வார்த்தை சொல்லாம பஸ் ஏறிப் போயிட்டாளாம்!"

மாமி கணினியைச் சிந்துஜாவின் கையில் வைத்தார். கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல், உள்ளே போய்விட்டார்.