வாழைப்பழத்தால் எடுத்த ஃபோன்

"எனக்குத் தெரியாது" என்று என் வாயால் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனாலேயே எதைப் பார்த்தாலும் தெரிந்த மாதிரி ஒரு பார்வை பார்த்து வைப்பேன். கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரரே பல வருஷம் அந்தப் பார்வையில் ஏமாந்திருக்கிறார். (இன்னும் ஏமாறுகிறார்.) ஒரு ஃபோன் மட்டும்தான் ஏமாறவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது இருக்கும். துர்கா பூஜை லீவுக்கு மகள் கீதாவும் மாப்பிள்ளையும் எங்கள் டாக்குரியா வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கையில் புது ஃபோன். பட்டன் என்று ஒன்று கிடையாது. முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. முதுகு, தோல் உரித்த நுங்கு மாதிரி வழுக்கியது. விரல் வைத்தால் வெளிச்சம் வந்தது. இரண்டு விரலால் விரித்தால் படம் பெரிசானது. ஃபோனைச் சாய்த்தால் உள்ளே இருந்த படமும் திரும்பிப் படுத்துக்கொண்டது.  உயிர் இல்லாத சாமான் இப்படித் திரும்பிப் படுக்குமா?

"சும்மா தொட்டுப் பாருங்க அத்தை."

"நான் பாக்காததா மாப்பிள்ளை" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் நவமி. ஊருக்கெல்லாம் துர்கை, எங்களுக்கு சரஸ்வதி பூஜை. கணக்கு நோட்டு, பழைய பாடப்புத்தகங்கள், அரிவாள்மனை, தையல் மெஷின் எல்லாம் வரிசையாக வைத்தேன். மேஜைமேல் ஃபோன் தனியாகக் கிடந்தது. மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, துணியால் பிடித்து எடுத்துப் புத்தக அடுக்கின் உச்சியில் வைத்து, நட்டநடுவில் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டேன். பூஜையும் முடிந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை கையால் தொடக் கூடாது. இதில் நான் கண்டிப்பு. முந்தின வருஷம் வீட்டுக்காரருடைய மூக்குக்கண்ணாடியையே அடுக்கில் வைத்துவிட்டு, அவரை ஒரு நாள் முழுக்கச் சுவரைத் தடவித் தடவி நடக்கவிட்டவள்.

மாப்பிள்ளை ஈரத்தலையோடு வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மாமியாரிடம் என்ன சொல்ல முடியும்? கீதாதான் என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

"ஈஷ், என்னம்மா செஞ்சு வச்சிருக்கே. பம்பாயிலேருந்து இவரோட பெரிய ஆபீஸர் இன்னைக்குக் கூப்பிடுவார். மாத்தல் கல்கத்தாவுக்கா கௌஹாத்திக்கான்னு இன்னைக்குத்தான் முடிவு. எடுக்கலன்னா கல்கத்தா வேற ஆளுக்குப் போயிரும்."

 கல்யாணமாகி நாலு வருஷம், மகளை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறேன். கல்கத்தா கிடைத்தால் பாலிகஞ்சில் வீடு எடுத்து அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் வாயிலிருந்து வந்தது என்னவோ, "சாமிக்கு வச்சதை எடுக்கப்பிடாது" என்பதுதான்.

மத்தியானம் தெருமுனைப் பந்தலில், 'போக்' என்று துர்கைக்குப் படைத்த அரிசி பருப்புக் கிச்சுடி கொடுத்தார்கள். அந்தப் பிரசாதத்தை விடவே மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் எல்லோரையும் கிளப்பினார். மாப்பிள்ளைக்குப் போக மனசில்லை. மாமனார் கையைப் பிடித்து இழுத்ததால் போனார். விளக்கைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் வீட்டில் நின்றேன்.

"அடிச்சா பால்கனியிலேருந்து ஒரு சத்தம் குடுங்க அத்தை. நான் ஓடி வந்து, சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு எடுத்துக்கறேன்."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபோன் உறுமியது. புத்தகத்துக்கு மேல் நடுங்கிக்கொண்டே ஊர்ந்து விளக்கைப் பார்த்து வந்தது. உள்ளே வெளிச்சம் வந்ததும், சந்தனத்துக்கு நடுவே குங்குமம் ஒற்றைக் கண் மாதிரி என்னை முறைத்தது. பால்கனிக்கு ஓடினேன். "மாப்பிள்ளே" என்று கத்தினேன். கீழே டாக் மேளம் இடி மாதிரி. வரிசையில் நின்ற என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, 'உனக்கும் வாங்கி வர்றேன்' என்று கையைக் காட்டினார்.

திரும்பி ஓடி வந்தேன். தொட்டால் சாமி குத்தம், தொடாவிட்டால் மகள் அஸ்ஸாமுக்கு. கண்ணாடியின் அடியில் ஒரு பச்சைக் கட்டம் மினுக்கியது. கையால்தானே தொடக் கூடாது? நைவேத்தியத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அதன் நுனியால் பச்சையில் ஒரு குத்து.

உறுமல் நின்றது. தொலைந்தது, கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அடுக்கின் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் கூப்பினேன். பழம் கைக்குள்ளேயே இருந்தது.

"தாயே, நான் கையால தொடலை. என் மகளை அஸ்ஸாமுக்கு அனுப்பிராதே. மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனா எட்டு மணிக்கு முன்னால எந்திரிக்கத் தெரியாது. காப்பியைக் கையில குடுத்தாதான் கண்ணு திறப்பார். பக்கத்துல இருந்தா நான் திருத்திக்கிடுவேன். பம்பாயில ஒருத்தன் உக்காந்திருக்கானே, மனசுல ஈரமில்லாதவன், அவன் நாக்குல கல்கத்தான்னு வரவழைச்சிரு."

குங்குமத்துக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"யாரும்மா பேசறது?"

 சரஸ்வதிக்கு எப்போது ஆம்பளைக் குரல் வந்தது? (பழத்தின் பருமனில் பக்கத்துக் கட்டமும் அமுங்கி, குரல் வெளியே கேட்கும்படி ஆகியிருந்ததாம். பிறகு மாப்பிள்ளை சொன்னார்.)

"தாயே, தப்பா இருந்தா மன்னிச்சிரு" என்றேன்.

"தாய் இல்லம்மா. நான்தான் அந்த மனசுல ஈரமில்லாதவன். பம்பாயிலேருந்து. எனக்குத் திருச்சி."

 அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

"மாப்பிள்ளை எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாரா?"

விட்டுக்கொடுக்க முடியுமா? "இப்போ திருந்திட்டார்யா. ஏழரைக்கே எந்திரிக்கார்."

 அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "கௌஹாத்தியில சீக்கிரமே விடிஞ்சிரும்மா. அவருக்கு நல்லது."

கிச்சுடித் தொன்னையோடு படியேறி வந்தவர்கள் பார்த்தபோது நான் வாழைப்பழத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கீதா பேசினாள். அவள் பேசியதை எழுத எனக்கு எழுத்து போதாது.

கௌஹாத்திக்கே போனார்கள். நாலு வருஷம். அந்த ஆபீஸர் சொன்னதும் பொய்யில்லை. அங்கே காலையில் ஜன்னல் வழியே வந்த வெயில் மாப்பிள்ளையைப் படுக்கவிடவில்லை. இன்று வேறு ஊரில் இருக்கிறார், பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது என்னிடமும் அந்த மாதிரிக் கண்ணாடி ஃபோன் ஒன்று இருக்கிறது. காலை ஐந்து மணிக்குத் தலைமாட்டில் அது உறுமும்போது இன்றும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். எடுத்தால் மாப்பிள்ளை. எண்ணி ஒரே வாக்கியம்தான் பேசுவார்.

"எழுந்துட்டேன் அத்தை, சாமிகிட்ட சொல்லிருங்க."