போனில் ஆஃப், களத்தில் தண்ணீர்

முன்னால் போனவர் அணைத்திருப்பார் என்று பின்னால் வருகிறவரும், பின்னால் வருகிறவர் அணைத்துக்கொள்வார் என்று முன்னால் போனவரும் நம்பும் வீட்டில் விளக்கு விடிய விடிய எரியும். உலகமே செய்கிற இந்தத் தப்புக்கு என்னை மட்டும் கேலி செய்கிறார்களே, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கல்யாணமான புதிதில், அன்னவாசல் பக்கம் மாமனாரின் தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்தே இயக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் செய்து மாட்டினேன். (யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை இன்ஜினியர் என்று ஊர் நம்ப வேண்டாமா?) கரண்ட் வந்ததும் அதில் முதலில் விழிப்பது பூட்லோடர் என்ற சின்னப் புரோகிராம். அது கெர்னல் என்ற பெரியவரை எழுப்பிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். ஒதுங்கும் முன், தான் ஓடவிட்டதை நிறுத்த வேண்டும் என்பது பாலபாடம். என் பூட்லோடர் மோட்டாரைச் சோதிக்க ஓடவிட்டது, நிறுத்தாமலே போய்ச் சேர்ந்தது. கெர்னலோ எல்லாம் அணைந்திருப்பதாகத் தானே முடிவுகட்டி, போனுக்கு 'ஆஃப்' என்று தகவல் அனுப்பியது. (இரண்டையும் அமைத்தவன் நான்தான். அது வேறு விஷயம்.)

அன்று களத்தில் அடுத்த பட்டத்துக்கான விதைக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் போய் வந்தது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாமனார் மூச்சுவாங்க வந்தார்.

"மாப்ள, மோட்டாரு ஓடுதுங்க. தண்ணி வாய்க்கால் பொங்கிக் களத்துக்கு வருது."

"ஆஃப்லதான் இருக்கு மாமா. இங்க பாருங்க."

"சத்தம் கேக்குதுல்ல?"

"பக்கத்துத் தோட்டத்து மோட்டாரா இருக்கும்."

அவரோடு களத்துக்குப் போனேன். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டும் போனைத்தான் அவரிடம் நீட்டினேன். அணைக்கலாம் என்றால், அணைந்ததாகக் காட்டுவதை அணைக்க அதில் பொத்தானே கிடையாது. அதையும் பொறுமையாக விளக்கினேன். கடலை மிதந்துகொண்டிருந்தது. கடைசியில் மனைவியின் அண்ணன் ஓடிப்போய் பீஸைப் பிடுங்கினார். அள்ளிக் காயவைத்தும் பாதிக் கடலை முளைவிட்டது. மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

மறுநாளே பூட்லோடரைத் திருத்தினேன். பொறுப்பைக் கொடுக்கும் முன் மோட்டாரை நிறுத்தும்படி செய்துவிட்டேன். அதை யார் பேசுகிறார்கள்? இன்றும் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், என் டம்ளர் நிறைந்து தண்ணீர் இலையில் வழியும்போது மனைவியின் அண்ணன் ஊற்றுகிறவரிடம் சொல்கிறார்.

"நிறுத்தாதீங்க, ஊத்துங்க. மாப்ள போன்ல இன்னும் ஆஃப்னுதான் காட்டுது."

மாமனார் அப்போதுதான் சிரிக்கிறார்.