கிளிப் ஷூவும் எழுபத்தொரு நாள் அணியும்

ஒழுங்கான மனிதன் செய்கிற தப்பும் ஒழுங்காகவே இருக்கும். என் தப்பை நான் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

இருபத்தாறு வருடமாக விடாமல் டைரி எழுதுகிறேன் (பல் கூசிய நாள் உட்பட). அந்த ஒரே தகுதிக்காக, அரிசி ஆலை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன், தான் தொடங்கிய சைக்கிள் பந்தய அணிக்கு என்னை மேலாளராக்கினார். நான்கு வீரர்கள். மாதச் சம்பளம் வாங்கி ஓட்டும் தொழில்முறை அணி. அதன் ஆயுள் சரியாக எழுபத்தொரு நாள்.

நால்வரில் இர்பானுக்குத்தான் அவசரம் ஜாஸ்தி. அப்பா பஷீர் பாயின் வெல்டிங் பட்டறையை விட்டுவிட்டு வந்திருந்தான். முதல் பந்தயத்தை முழுதாக முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே பட்டறை என்பது பஷீர் பாய் போட்ட நிபந்தனை.

தினமும் காலை ஐந்தரைக்குக் கிரிவலப் பாதையில் பயிற்சி. முதல் நாளே விசேஷ ஷூக்கள் வந்திறங்கின. அடியில் இருக்கும் கொக்கி பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். ஜனங்கள் வெறுங்காலோடு மலை சுற்றுகிற பாதையில் ஷூவா என்று நான் தடுத்துவிட்டேன். சாதாரணப் பெடல் மாட்டி, நால்வரும் வெறுங்காலிலேயே எழுபது நாள் மிதித்தார்கள். நாடித்துடிப்பு, குடித்த தண்ணீர், அடி அண்ணாமலையில் குறுக்கே வந்த ஆடுகள் என்று எல்லாமே டைரியில் ஏறின. ஷூவைப் பற்றி இருப்பது ஒரே வரி: 'புதுக்கருக்கு கலையாமல் பந்தயத்தன்று எடுக்கவும்.' (அந்தச் சிவப்பு மை இதுதான்.)

பந்தயம் வேங்கிக்காலில் தொடங்கி, செங்கம் போய்த் திரும்புவது. காலையில் புதுப் பெடல், புது ஷூ. கொடி அசைந்தது. நானூறு மீட்டர் தாண்டியதும் எருமைகளுக்காக முன்னால் போன ஜீப் நின்றது. மற்ற அணிகள் காலை ஊன்றி நின்றன. எங்கள் நால்வரும் காலை இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் சாய்ந்தார்கள்.

"மாப்ள, நம்ம மில்லுல மூட்டகூட இவ்ளோ வரிசையா சாயாதுய்யா" என்றார் மச்சான்.

ஒருவனுக்கு முழங்கை, ஒருவனுக்கு மணிக்கட்டு, இன்னொருவனுக்குச் சக்கரம் போயிற்று. இர்பான் மட்டும் எழுந்து ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "சார், பழைய பெடல் வண்டியில இருக்குதா?"

இருந்தது (என் பட்டியலில் முப்பத்தேழாவது பொருள்). நானே ஸ்பேனரைப் பிடித்து முழு பலத்தோடு திருகினேன்.

"சார், இடது பக்கம் உல்டாவா திருப்பணும். நீங்க டைட் பண்றீங்க."

பதினோரு நிமிடம் போயிற்று. வெறுங்காலோடு ஓட்டலாமா என்று நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஷூவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முதல் ஆள் வந்து அரை மணிக்குள் வந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. இருபத்தேழாவது நிமிடம் மற்றவர்கள் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தெட்டாவது நிமிடத்தில், கடைசி ஆளாக, இர்பான் கோட்டைத் தாண்டினான்.

பஷீர் பாய் குனிந்து மகனின் பாதங்களைப் பார்த்தார். கன்றிப்போயிருந்தன.

"நாளைக்கு பட்டறைக்கு வந்துடாத" என்றார். "அடுத்த ரேஸ் எப்பன்னு சார்கிட்ட கேட்டுக்கோ."

அணியைக் கலைத்துவிட்டதாக மச்சான் அப்போதே டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வெறுங்காலோடு வந்தவன் யார் என்று விசாரித்து, அடுத்த மாதமே சென்னை அணி ஒன்று இர்பானை எடுத்துக்கொண்டது. இன்றும் ஓட்டுகிறான், ஷூ போட்டு.

எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு புதுச் சடங்கு வந்து சேர்ந்தது. யார் புதுச்செருப்பு வாங்கினாலும் முதலில் கூடத்தை மூன்று சுற்று நடந்து, மூன்று முறை கழற்றிக் காட்ட வேண்டும். என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் மண்டபத்துக்கு நடுவே நடந்தார், கழற்றினார். ஏனென்று புரியாமல் சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி விளக்கினாள்: "ஒண்ணுமில்லீங்க, எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நாள் சைக்கிள் டீம் நடத்துனாரு."