கடலடக்கிச் சித்தரும் கடைசி வரிசையும்

திருத்துறைப்பூண்டிக்குக் கடல் வந்துவிட்டது. புயலோடு வரவில்லை, ஃபிளெக்ஸ் பேனரில் வந்தது. பேருந்து நிலையத்திலிருந்து பொருட்காட்சித் திடல் வரைக்கும் நீல அலை. அலைக்கு மேலே ஒரு கப்பல். கப்பலைவிடப் பெரிதாக ஒரு தாடி. "கடலடக்கிச் சித்தர் வருகை! கப்பலில் குழந்தைக்கு வாந்தியா? தலைசுற்றலா? ஒரே கயிறு! ஓய்ந்தது அலை!"

அலை ஓய்ந்ததோ என்னவோ, கூட்டம் ஓயவில்லை. இந்த வருஷம் டெல்டாவுக்கே கப்பல் பித்து. சென்னையில் ஏற்றி, கடலைச் சுற்றிக் காட்டி, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடும் உல்லாசக் கப்பல். சிங்கப்பூரில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் டிக்கெட் வந்துவிட்டது. பெரியவர்களால் பிரச்சினை இல்லை. வாந்தி வந்தால் பித்தம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் அப்படியா? எடுத்தால் மடியில்தான் எடுக்கும். அதுவும் பட்டுப் புடவை மடியில். அந்தப் பட்டுப் புடவைப் பயத்தில்தான் சித்தர் பிழைத்தார்.

காணிக்கை அவரவர் வசதிப்படி. வசதி எவ்வளவு என்பதை, வந்து இறங்கும் வண்டியைப் பார்த்து அவரே சொல்லிவிடுவார். அந்த அளவுக்கு ஞானதிருஷ்டி இருந்தது.

அன்று காலை வரிசையில் முதலில் நின்றது ரைஸ் மில் நாகநாதன் குடும்பம். நாகநாதனுக்கு அறுபதாம் கல்யாணம், அதுவும் கப்பலில். சிங்கப்பூரில் இருக்கும் பெரிய மகனின் ஏற்பாடு. உறவுக்காரப் பிள்ளைகளே ஒரு வேன் கொள்ளும். சித்தருக்கும் ஒரு டிக்கெட் போட்டாயிற்று. நடுக்கடலில் நின்று ஆசீர்வாதம் பண்ணுவாராம்.

குடும்பத்தின் பின்னால் ஒதுங்கி நின்றாள் சின்ன மருமகள் வானதி. கையில் மகள் கவிப்ரியா, ஆறு வயது. தோள்பையில் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துப் பாட்டில். மாமியார் மங்களாம்பிகை காலையிலிருந்து அந்தப் பையைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு வான்னேனே. கயிறு கட்டுற இடத்துக்கு மருந்தோட வரலாமா?"

"டாக்டர் குடுத்தது அத்தை. இருக்கட்டும்."

"டாக்டருக்குக் கடலைப் பத்தி என்னடி தெரியும்? அவர் இருக்கிறது மன்னார்குடியில."

சித்தர் இருந்தது பேராவூரணியில், தென்னந்தோப்புக்கு நடுவில். அதை யாரும் கேட்கவில்லை.

வானதியின் கணவன் பிரபு சமாதானம் பேசினான். "ஒரு கயிறுதான வானதி. கட்டிட்டுப் போவோம். அம்மா மனசு திருப்தி ஆயிடும்."

ஒரு கயிறுதான் என்றால் வானதி எப்போதோ கட்டியிருப்பாள். கயிற்றோடு பத்தியம் வந்ததே, அதுதான் அவள் தொண்டையில் நின்றது. கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து, கரை இறங்குகிற வரைக்கும் பிள்ளைக்கு மாத்திரை, மருந்து கூடாது. தண்ணீரும் கூடாது. "உடம்புக்குள் நீர் இருந்தால் சமுத்திரம் அதைக் கூப்பிடும்" என்று பேனரிலேயே போட்டிருந்தது.

போன வருஷம் வேனில் வேளாங்கண்ணி போனபோது கவிப்ரியா பின் சீட்டில் இருந்து எடுத்துக்கொண்டே வந்தாள். "தண்ணி குடுத்தா இன்னும் எடுப்பா" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். வானதியும் ஆட்டினாள். சாயந்திரம் பிள்ளை துவண்டு, கண் சொருகி, குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் "அம்மா" என்றது. வேன் என்றால் ஓரத்தில் நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். நடுக்கடலில் எங்கே நிறுத்துவது?

"என்ன வானதி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

ரசியா பேகம். கூத்தாநல்லூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர். வானதியோடு மன்னார்குடியில் ஒரே வங்கியில் வேலை. தினமும் ஒரே பஸ். கவிப்ரியாவின் பள்ளிக்கூடமும் அங்கேதான்.

"ரசியாக்கா, நீங்களுமா கயிறு கட்ட வந்தீங்க?"

"எனக்குக் கப்பலும் இல்ல, கயிறும் இல்ல. வேடிக்கை இருக்குல்ல, அது போதும். உள்ள வந்ததும் அந்தத் தாடிக்காரர் பச்சைக் கயிறை எடுத்து நீட்டுறாரு. பேரைக்கூடக் கேக்கல. முக்காட்டைப் பாத்தே மதத்தைச் சொல்லிட்டாரு. எப்பேர்ப்பட்ட சக்தி!"

திடலின் நடுவில் நின்றது சித்தரின் கடல். அதாவது, பொருட்காட்சிக்கு வந்திருந்த கொலம்பஸ். கப்பல் வடிவத்தில், இரண்டு முனையும் வானத்துக்கு ஏறி இறங்குமே, அந்த ராட்சத ஊஞ்சல். காலை நேரத்துக்குச் சித்தர் அதை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

சீடன் அரவிந்தன் மைக்கைப் பிடித்தான். முப்பது வயது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கயிறு.

"பக்தர்களே! கண்கூடாப் பாருங்க! கயிறு கட்டின பிள்ளைங்க ஒரு பக்கம், கட்டாத பிள்ளைங்க ஒரு பக்கம். சாமி யாரையும் ஏமாத்த மாட்டார்!"

கயிறு கட்டிய பிள்ளைகளுக்கு ஒரு வாய் பொரி, விரதமாம். கட்டாத பிள்ளைகளுக்கு, பாவம், நெய் வழியும் கேசரி, கருணையாம். கயிறு கட்டியவர்கள் ஊஞ்சலின் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். அது கர்ப்பக்கிரகம் என்றார் சித்தர். கட்டாதவர்கள் இரண்டு கடைசி வரிசைகளிலும். அது வெளிப்பிரகாரம். நடு வரிசைப் பிள்ளைகள் தூரத்தில் தெரியும் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தியானம். கடைசி வரிசைப் பிள்ளைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. குனிந்து அம்மாவின் போனை நோண்டிக்கொண்டிருந்தன.

கொலம்பஸ் ஆடியது. நடுவில் இருந்தவர்கள் கோபுரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் இருந்தவர்கள் கேசரியைத் திரும்பப் பார்த்தார்கள்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "பாத்தியா, பாத்தியா! கயிறு இல்லாததுங்க மட்டும் எடுக்குது பாரு!" என்று மங்களாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர் பிள்ளை வாந்தி எடுத்து அத்தனை பேர் ஆனந்தக் கண்ணீர் விட்டதை அந்தத் திடல் அதற்கு முன் பார்த்ததில்லை.

வானதி கண்ணீர் விடவில்லை. கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

"ரசியாக்கா, நம்ம பஸ் வந்து நின்னதும் ஜன்னல் வழியா எல்லாரும் எந்த சீட்டுல துண்டு போடுவாங்க?"

"நடு சீட்டுலதான். கடைசி சீட்டுல எவன் போடுவான்? வேகத்தடை வந்தா தலை கூரையில இடிக்கும். உன் பொண்ணு கடைசி சீட்டுல உக்காந்தா என் புடவை போச்சு. நடுவுல உக்காந்தா மன்னார்குடி வரைக்கும் கதை சொல்றா."

சொல்லிவிட்டு ரசியா கொலம்பஸைப் பார்த்தார். திரும்பி வானதியைப் பார்த்தார். "அடிப்பாவி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் நாகநாதனை மேடைக்கு அழைத்தார்கள். கவிப்ரியா கையில் மஞ்சள் கயிறு ஏறியது. நாகநாதன் கையில் மூன்று.

"குழந்தை நடுவில் அமரட்டும்" என்றார் சித்தர். அவர் புத்தகத்தில் இருக்கிற தமிழ்தான் பேசுவார். அதற்குத் தனிக் காணிக்கை.

வானதி வாயைத் திறந்தாள்.

"சாமி, கயிறுதான் கட்டியாச்சே. இனிமே கடைசி வரிசையில உக்காந்தா என்ன?"

பொரி கொறித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெண்ணே, அது வெளிப்பிரகாரம்."

"கப்பல்ல எங்களுக்கு எந்த இடத்துல ரூம் போட்டிருக்கோ தெரியாதே சாமி. முனையில போட்டிருந்தா? கயிறு அங்க வேலை செய்யாதா?"

"வானதி!" என்றான் பிரபு. "ஏன்டி மானத்தை வாங்குற!" என்றார் மங்களாம்பிகை.

நாகநாதனுக்கு மீசை துடித்தது. "ஏம்மா, சாமியச் சந்தேகப்படுறியா? பேத்தி எதுக்கு? நானே உக்கார்றேன் கடைசி வரிசையில. மூணு கயிறு கட்டியிருக்கேன். பாத்துக்க!"

"இதையும் கட்டிக்கங்க மாமா" என்று கவிப்ரியா கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து மாமனார் கையில் கட்டினாள் வானதி. "நானும் இவளும் கயிறு இல்லாம நடுவுல உக்கார்றோம். உங்க பக்கத்துல சாமியும் உக்காரட்டும்."

சித்தர் கண்ணை மூடிக்கொண்டார். "எம் குருவின் ஆணை. எம் பாதம் மண்ணை விட்டு எழும்பலாகாது."

"ஆகா!" என்று கூட்டம் உருகியது. உருகி முடிப்பதற்குள் ரசியாவின் குரல் வந்தது.

"அப்ப அறுபதாம் கல்யாணத்துக்குக் கப்பல்ல வர்றேன்னு டிக்கெட் வாங்கிக்கிட்டீங்களே சாமி, அந்தக் கப்பல் என்ன மண்ணுலயா போகுது?"

பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அன்றைக்கு அந்தத் திடலில் கேட்ட முதல் புத்திசாலித்தனமான சத்தம் அதுதான்.

சித்தர் வாயைத் திறக்குமுன் நாகநாதன் ஏறிவிட்டார். கடைசி வரிசையில், வேட்டியை மடித்துக் கட்டி, நாலு கயிற்றுக் கையைத் தூக்கிக் காட்டி, தேர்தலில் நிற்பவர் மாதிரி உட்கார்ந்தார். நடு வரிசையில் வானதியும் கவிப்ரியாவும்.

"கீழ குனியாத. அந்தக் கோபுரத்தையே பாரு. வாய்க்குள்ள எதையும் அடைச்சுக்காத."

"அம்மா, இது சாமி சொன்னதுதானே?"

"இது மட்டும் உண்மையச் சொல்லியிருக்காரு. இதுக்குத்தான் காசு வாங்கல."

கொலம்பஸ் மெல்ல ஆடியது. நாகநாதன் சிரித்தார். கொஞ்சம் ஏறியது. சிரிப்பை நிறுத்தினார். இன்னும் ஏறியது. கயிற்றுக் கை இறங்கி கம்பியைப் பிடித்தது. கண் பிதுங்கியது. அடுத்து ஊர் கேட்டது சித்தர் நாமத்தை அல்ல.

"நிறுத்துடா! டேய்! நிறுத்துங்கடா!"

நிறுத்துவதற்குள் காலை வெண்பொங்கல் வெளிப்பிரகாரத்துக்கு வந்துவிட்டது. நாலு கயிறும் அதில் நனைந்தன.

நடு வரிசையில் கவிப்ரியா கேட்டாள்: "அம்மா, இன்னொரு ரவுண்டு போலாமா?"

சித்தர் சும்மா சித்தரா? கையை உயர்த்தினார். "பத்தியம் தப்பினார்! பொங்கல் உண்டார்! கயிறு சினந்தது!"

பாதிக் கூட்டம் "ஆமாமா, பொங்கலு, பொங்கலு" என்று அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்வதற்கு அதற்கு ஒரு சுவர் கிடைத்தால் போதும்.

வானதி இறங்கி வந்தாள். நேராகச் சித்தர் முன்னால் போய் நின்றாள்.

"சரி சாமி. உங்க சீடர் விரதம்தான? முழங்கை வரைக்கும் கயிறு வேற. அரவிந்தன் தம்பி, நீங்க ஏறுங்க கடைசி வரிசையில. நீங்க எடுக்கலைன்னா நானே என் பொண்ணுக்குக் கயிறு கட்டிவிடுறேன். தண்ணியும் குடுக்க மாட்டேன், மருந்தும் குடுக்க மாட்டேன்."

அரவிந்தன் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். "ஐயோ அக்கா, என்னை விடுங்க! போன வாரம் ட்ரையல் பாத்தப்பவே அங்க உக்காந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! அதுக்கப்புறம்தான சாமி கட்டினவங்களை நடுவுல வைக்கணும்னாரு!"

ஒலிபெருக்கி அதைப் பேருந்து நிலையம் வரைக்கும் கொண்டுபோனது. கொடுத்த வாடகைக் காசுக்கு அது ஒன்றுதான் நேர்மையாக உழைத்தது.

ரசியா கையைத் தட்டினார். "ஏங்க, தினமும் பஸ்ஸுல நடு சீட்டுக்குத் துண்டு போடுறீங்களே, எந்தச் சாமி மந்திரத்தை ஓதிப் போடுறீங்க? பஸ்ஸுல இருக்கிற புத்தி இங்க வந்ததும் எங்க இறங்கிப் போச்சு?"

துண்டு போடுகிற ஊர். துண்டு தோளிலேயே இருந்தது. பலர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கேசரி தின்ற பிள்ளையின் தகப்பன் ஒருவர் சித்தரை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவர் பின்னால் நாலு பேர். சித்தரின் பாதம் இப்போது மண்ணை விட்டு நன்றாகவே எழும்பியது. காருக்குள் பாய்ந்தார், முன் சீட்டில். பின் சீட்டில் உட்கார்ந்தால் சாமிக்குக் குமட்டும் என்று, அவசரத்தில் அவர்கள் விட்டுவிட்டுப் போன டிரைவர் பிறகு சொன்னார். காரைச் சீடன்தான் ஓட்டிப்போனான்.

நாகநாதன் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். வானதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஒரேயடியா வேண்டாம் மாமா. கொஞ்சம் கொஞ்சமா குடிங்க."

குடித்தார். மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை. "டேய் பிரபு. டிராவல்ஸ்காரனுக்குப் போன் போடு. பிள்ளைங்க இருக்கிற ரூமெல்லாம் கப்பலுக்கு நடுவுல வேணும்னு சொல்லு. கீழ்த்தளமா இருந்தா நல்லது." பிறகு மெதுவாக: "அந்த மருந்தை எப்பம்மா குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு?"

"ஏறுறதுக்கு முன்னாடியே மாமா. வயசுக்கு ஏத்த அளவு. பாட்டில்லயே எழுதியிருக்கு."

மங்களாம்பிகை தோள்பையை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். அதற்கு மேல் மன்னிப்பு அந்தக் குடும்பத்தில் வழக்கம் இல்லை.

திடல் காலியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சித்தர் கொட்டிவிட்டுப் போன கயிறுகளை ஒரு கும்பல் பொறுக்கிக்கொண்டிருந்தது. "கைல கட்டுனதுதான் தப்பு போல. இடுப்புல கட்டிப் பாப்போமா?"

கட்டுங்கள். கையில் கட்டுங்கள், காலில் கட்டுங்கள், இடுப்பிலும் கட்டுங்கள். தலையை மட்டும் கட்டிப் போட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் நடு சீட்டைப் பார்த்துத் துண்டு போட்டது அந்தத் தலைதான்.