முகிலா எப்போது சேரும்?

உலகத்திலுள்ள அத்தனை சொற்களும் கப்பலில் வந்து திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கியவைதான் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் கயிறு அண்ணன். வருகிற கப்பலைக் கரையோடு கயிறு போட்டுக் கட்டுவது அவர் வேலை. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கதிரை, அலுமாரி, குசினி எல்லாம் போர்த்துக்கேயக் கப்பலில் வந்த சொற்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். அதோடு தொலைந்தது. புட்டும் கப்பலில்தான் வந்தது என்று அடித்துச் சொன்னார்.

"அப்ப நானும் கப்பலிலயோ வந்தனான்?" என்று துறைமுகக் கன்ரீன் நடத்துகிற றாணி அக்கா கேட்டார். அண்ணன் இன்னொரு தேத்தண்ணீர் கேட்டார். அக்காவைக் கலியாணம் கேட்க என்று தினமும் வந்து, தேத்தண்ணீர் மட்டும் கேட்டுக் குடித்துவிட்டுப் போகிற ஆள் அவர்.

நானும் கிண்ணியா நஸ்ரினும் துறைமுக அலுவலகத்தில் எழுதுநர்கள். அப்போது ஒரு தொலைக்காட்சித் தொடரில் பைத்தியமாகக் கிடந்தோம். முகிலன், நிலா என்று ஒரு சோடி. இரண்டு பெயரையும் ஒட்டி ரசிகர்கள் வைத்த பெயர் முகிலா. ஒரு சோடி சேரவேண்டும் என்று தவம் கிடப்பதை ‘ஷிப்’ பண்ணுவது என்பார்கள். ரிலேஷன்ஷிப்பின் வால் அது. நஸ்ரின் கன்ரீனில் வைத்து, "எங்கட ஷிப் முகிலாதான். வெள்ளிக்கிழமை கட்டாயம் சேரும்" என்றாள். பக்கத்து மேசையில் கயிறு அண்ணன்.

வெள்ளி காலை, கப்பல் வரவுப் பலகையில் அவர் கையெழுத்தில் ‘முகிலா’. வெயிலில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். முகிலா எந்த நாட்டுக் கப்பல் என்று மேலதிகாரி கேட்டாராம். அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் போர்த்துக்கல் என்றிருக்கிறார்.

நஸ்ரின் மேலதிகாரியிடம் போய் அழுத அழுகையில்தான் அண்ணனின் வேலை தப்பியது. பிறகு முகிலா வந்த கதையை அவருக்கு விளங்கப்படுத்தினோம்.

"பேரை ஒட்டினா ஆக்களும் ஒட்டுவினமோ?" என்று கேட்டார். கண் கன்ரீன் பக்கம் போனது.

அடுத்த நாள் பலகையில் நான் எழுதிவைத்தேன்: கயிறாணி. கயிற்றையும் றாணியையும் ஒட்டினால் வருவது. துறைமுகமே சிரித்தது. அண்ணன் முகம் கறுத்துப்போய், துணியோடு அழிக்க ஓடினார்.

றாணி அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"அழிக்காதேங்கோ. ஊர்க் கப்பலெல்லாம் கட்டுறீங்கள். இதை எப்ப கட்டப் போறீங்கள்?"

தொடரில் முகிலா கடைசிவரை சேரவில்லை. கயிறாணி தை மாதமே சேர்ந்துவிட்டது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கப்பலில் வந்தது என்றுதான் அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். எழுதியவள் நான். ஆனாலும் அந்த மனிதர் சொன்னால், கப்பலில் வந்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.